அடிபட்ட போர் விமானம் தளம் திரும்புவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவின் ஏ-10 தரைத்தாக்குதல் விமானத்தைக் காப்பாற்றுவது அதன் டைட்டானியக் கவசம்தானா?

பதில்: பாதிதான் உண்மை. ஏறத்தாழ 540 கிலோ எடையுள்ள அந்தக் கவசம் விமானியைக் காக்கும். வாலில் விழும் அடியை அது தடுக்காது. 2003 ஏப்ரல் 7 அன்று பாக்தாத் வானில் அமெரிக்க விமானப்படை விமானி கிம் கேம்பெல் ஓட்டிய ஏ-10இன் வால்பகுதி தரையிலிருந்து சுடப்பட்டுத் துளைபட்டது; திருப்பும் பகுதிகளைத் திரவ அழுத்தத்தால் அசைக்கும் இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளும் அழுத்தம் இழந்து, விமானம் இடப்பக்கம் உருண்டு தரையை நோக்கிப் பாய்ந்தது. அவர் சுவிட்சைத் தட்டிக் கம்பிவடங்கள் வழியான கட்டுப்பாட்டுக்கு மாறி, கைவலுவிலேயே சுமார் ஒரு மணி நேரம் ஓட்டிவந்து பத்திரமாகத் தரையிறக்கினார். மாற்றுவழி ஒன்றை வடிவமைப்பிலேயே வைத்திருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது என்பது என் கருத்து.

கேள்வி: ஹைட்ராலிக் அமைப்பு இரட்டையாக இருந்தால் போதாதா?

பதில்: இரண்டும் அருகருகே ஓடினால் இரட்டையாக இருந்தும் பயனில்லை. வியட்நாம் போரில் அமெரிக்காவின் எஃப்-105 போர் விமானங்களுக்கு நேர்ந்தது அதுதான்: ஒரே வெடிப்பின் சிதறல்கள் இரு குழாய்களையும் அறுத்துவிட, விமானிகள் கட்டுப்பாட்டை இழந்தனர். பின்னர்தான் குழாய் அமைப்பில் மாற்றம் செய்து, எதிரியின் பகுதியைத் தாண்டும்வரையாவது பறக்க வழிசெய்தார்கள்.

கேள்வி: எரிபொருள் தொட்டி நிறைந்திருந்தால் ஆபத்து அதிகமா, காலியாக இருந்தாலா?

பதில்: இரண்டும் ஆபத்துதான், ஆனால் வகை வேறு. நிறைந்த தொட்டிக்குள் குண்டு பாய்ந்தால் திரவத்தில் எழும் அழுத்த அலை சுவர்களையே கிழித்துவிடும். காலித் தொட்டியில் தேங்கிய ஆவி தீப்பொறி பட்டதும் வெடிக்கும். முன்னதன் கசிவைக் குறைக்க, எரிபொருள் பட்டதும் உப்பிச் சிறு துளைகளை அடைக்கும் ரப்பர் உறை உண்டு. பின்னதற்குத் தொட்டிக்குள் நுண்துளை நுரைப்பஞ்சை அடைப்பார்கள், அல்லது நைட்ரஜனை நிரப்பி ஆக்சிஜனைக் குறைப்பார்கள்.

கேள்வி: இரண்டு எஞ்சின் இருந்தால் ஒன்று போனாலும் திரும்பிவிடலாம்தானே?

பதில்: ஒன்றின் தீ மற்றதைத் தொடாதவரை. சோவியத்தின் தரைத்தாக்குதல் விமானமான சு-25இல் எஞ்சின்கள் உடலின் இருபுறமும் நெருங்கி அமைந்தவை. ஆப்கானிஸ்தானில், தோளில் வைத்து ஏவும் ஸ்டிங்கர் ஏவுகணை ஓர் எஞ்சினைத் தாக்கியபோது தீயும் சிதறலும் அடுத்ததையும் கெடுத்தன. ஆகவே இரண்டுக்கும் இடையில் 5 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டைப் பொருத்தினர்.