இடம் மாறிய இலக்கங்கள்: கேள்வி பதில்

மார்த்தாண்டம், பத்தாம் வகுப்பு மாணவி: ஈரிலக்க எண் ஒன்று. இலக்கங்களின் கூட்டுத்தொகை 9. திருப்பி எழுதினால் 27 கூடுகிறது. எக்ஸ், ஒய் போடாமல் வழி உண்டா சார்?

உண்டு மக்களே. திருப்பும்போது ஒன்றின் இடத்து இலக்கம் பத்தின் இடத்துக்கு ஏறுகிறது. தன்னைப்போல் 9 மடங்கைக் கூடுதலாகப் பெறுகிறது. மற்றது இறங்கி, 9 மடங்கை இழக்கிறது. ஆக, மாற்றம் எப்போதுமே இலக்க வித்தியாசத்தின் 9 மடங்கு. 27 என்றால் வித்தியாசம் 3. கூட்டினால் 9, கழித்தால் 3 வருபவை 6, 3. விடை 36. சமன்பாடு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த ஏற்ற இறக்கம் புரிந்த பிறகு போடுங்கள்.

குலசேகரம், ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதுபவர்: கல்லாவுக்கும் நோட்டுக்கும் 270 ரூபாய் இடிக்கிறது. எங்கே தேட?

முதலில் 9ஆல் வகுத்துப் பாருங்கள். 30 வருகிறது, மீதியில்லை. 30 என்பது 3 பத்து; ஆக, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் மாறியிருந்தால், அவை நூறும் பத்தும், வித்தியாசம் 3. உதாரணமாக, 4,580ஐ 4,850 என்று எழுதியிருப்பீர்கள். நூறிலும் பத்திலும் 8-5, 7-4, 9-6 போன்ற ஜோடி உள்ள தொகைகளை மட்டும் பில்லோடு ஒத்துப் பாருங்கள், பாதி வேலை மிச்சம். கிடைக்காவிட்டால் 300ஐ 30 என்று எழுதியிருக்கிறீர்களா என்று தேடுங்கள், அதிலும் 270 தான் இடிக்கும். இரண்டும் இல்லையென்றால் 270 ரூபாய்க்கே ஒரு பில் விட்டுப்போயிருக்கலாம். 9ஆல் வகுபடுவது துப்பு மட்டும்தான், தீர்ப்பு இல்லை. வகுபடாவிட்டால் ஒரே ஒரு இடமாற்றத்தால் வந்த பிழை அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம்.

தக்கலை: பழைய தமிழ் எண்களிலும் இப்படித் திருப்ப முடியுமா?

முடியும். பழைய முறையில் 36 என்பது ௩௰௬, திருப்பினால் ௬௰௩, அதாவது 63. பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று தனிக் குறி உண்டு, சுழியம் தேவைப்படவில்லை. 300 ௩௱, 30 ௩௰. சுழி விட்டுப்போகும் பிழைக்கு அங்கே இடமே இல்லை.

நாகர்கோவில்: 6174க்கு என்ன சிறப்பு?

மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் 1949இல் சொன்ன எண் அது. எல்லாம் ஒரே இலக்கமாக இல்லாத நான்கிலக்க எண்ணை எடுங்கள். இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையைக் கழியுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் உருவான 1956ஐயே எடுப்போம்:

9651 − 1569 = 8082
8820 − 0288 = 8532
8532 − 2358 = 6174

இனி எத்தனை முறை கழித்தாலும் 6174 தான். முன்னால் வரும் சுழியை விடாதீர்கள், நாலு இலக்கம் வேண்டும். எந்த எண்ணும் 7 கழித்தலுக்குள் வந்து சேரும். வரவில்லையா? ஒவ்வொரு விடையும் 9ஆல் வகுபடுகிறதா என்று பாருங்கள். வகுபடாத வரியில் கழித்தல் தப்பு.