மெத்தனாலில் தண்ணீர் கலந்தால் அரிப்பு கூடுமா?

கேள்வி: அசாமின் தின்சுகியாவில் 2022-இல் 15 விழுக்காடு மெத்தனால் (ஒருவகை ஆல்கஹால்) கலந்த எம்15 பெட்ரோல் சோதனை முறையில் அறிமுகமானது. மெத்தனால் உலோகத்தை அரிக்கும் என்கிறார்கள். தண்ணீர் சேர்ந்தால் அரிப்பு கூடுமா, குறையுமா?

பதில்: எந்த அளவு தண்ணீர் என்பதைப் பொறுத்தது. எரிபொருள் படும் பாகங்களில் உள்ள அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம். அதைக் காப்பது அதன் மேல் படிந்துள்ள மெல்லிய ஆக்சைடு படலமே. ஈரமே இல்லாத மெத்தனால் சூடாகும்போது, அப்படலத்தில் விழும் கீறல் மீண்டும் மூடிக்கொள்ள வழியில்லாததால், உலோகம் நேரடியாகத் தாக்கப்படுகிறது. சிறிதளவு நீர் அக்கீறலை ஆற்ற உதவுகிறது. இது வியப்பாகத் தோன்றினாலும் உண்மை.

ஆனால் நீர் கூடும்போது நிலைமை தலைகீழாகிறது. நீரில் கரைந்துவரும் குளோரைடு உப்புகளும், மெத்தனால் ஆக்சிஜனேற்றமடைந்து உருவாகும் ஃபார்மிக் அமிலமும் எரிபொருளின் மின்கடத்துதிறனை உயர்த்துவதால், பித்தளை ஜெட்டும் (எரிபொருள் பாயும் சிறு துளை) அலுமினிய உடலும் தொட்டுக்கொண்டிருக்கும் கார்பரேட்டரில் (எரிபொருளைக் காற்றுடன் கலக்கும் பாகம்) மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் கரைந்து வெண்ணிறக் கூழாகப் படிந்து, ஊசித்துளை போன்ற ஜெட்டை அடைத்துவிடுகிறது.

பெட்ரோல் கலவையில் இன்னொரு தொல்லையும் உண்டு: நீர் மிகுந்தால் மெத்தனால் அந்நீருடன் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். நான் மிகவும் அஞ்சுவது இந்த அடித்தட்டையே. நெடுநாள் நிறுத்திவைக்கும் வண்டியில் அரைகுறை டேங்க் வேண்டாம். உள்ளிருக்கும் காற்றின் ஈரத்தை மெத்தனால் உறிஞ்சிக்கொள்ளும்.