கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரை: வாடகை வாகனக் கட்டணம் பற்றிய கேள்விகள்

கேள்வி: கனடாவிலிருந்து என் தங்கையும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் அடுத்த மாதம் வருகிறார்கள். விமானம் நள்ளிரவுக்குப் பின்னரே இறங்கும். சென்ற முறை செயலியில் பிடித்த காரின் சாரதி, அதிவேக வீதிக்கென்றும் வாகனத் தரிப்பிடத்துக்கென்றும் திரையில் கண்ட தொகைக்கு மேல் வாங்கிவிட்டார். விமான நிலையத்துக்குள் உள்ள டாக்ஸி கருமபீடத்தில் கேட்டால் விலை அதிகம். தெரிந்தவர் ஒருவர் வான் கொண்டு வருவதாகச் சொல்கிறார். எதைத் தெரிவு செய்வது?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: மூன்று விலைகளையும் ஒப்பிடுவதற்கு முன், அவை மூன்றும் ஒரே சேவையின் விலைதானா என்று பார்க்க வேண்டும். செயலி காட்டுவது பெரும்பாலும் ஓட்டத்துக்கான கூலி மட்டுமே; அதிவேக வீதிக் கட்டணம் அதற்கு மேல் வரும். ஆகவே உங்கள் சாரதி அதைக் கேட்டதில் தவறில்லை. ஆனால் அந்தக் கட்டணத்துக்குக் கணக்கு இருக்கிறது: கட்டுநாயக்க நுழைவாயிலில் சீட்டு எடுத்து, கொழும்புப் பக்க முனையான பேலியகொடவில் வெளியேறும்போது பணம் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறுகிறார்கள். அந்தச் சீட்டைக் காட்டச் சொல்லி, அதில் அச்சிட்ட தொகையை மட்டும் கொடுங்கள். வாகனத் தரிப்பிடக் கட்டணத்துக்கும் இதே விதிதான். சீட்டில்லாமல் வாயால் சொல்லப்படும் தொகையைக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

உங்கள் விடயத்தில் விலையைவிடப் பெரிய சிக்கல் பயணப்பொதிகள். கனடாவிலிருந்து வரும் நால்வர், ஆளுக்கு இரண்டு சூட்கேஸ் என்றால் எட்டு சூட்கேஸ்களுடன் வருவார்கள். செயலியில் மிகக் குறைந்த விலைக்குத் தெரியும் வேகன் ஆர் போன்ற சிறு காரின் டிக்கியில் இரண்டு பெரிய சூட்கேஸ் வைப்பதே கடினம். சாரதி வந்து பொதிகளைப் பார்த்துத் தலையைச் சொறிவார். பிறகு இன்னொரு வாகனம் வேண்டும், அல்லது மேலதிகமாகத் தரவேண்டும் என்ற பேரம் நள்ளிரவில், தூங்கி விழும் பிள்ளைகளின் முன்னே தொடங்கும். எனவே எந்த வழியில் பிடித்தாலும் வான் விலையையே கேளுங்கள், கே.டி.எச். எனப்படும் பெரிய டொயோட்டா வான் இந்தப் பொதிகளுக்குப் போதும்.

கருமபீடத்தில் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். விலை புறப்படும் முன்பே தெரியும், பற்றுச்சீட்டும் கிடைக்கும். ஆனால் கேட்கும் முறை முக்கியம். ‘கொழும்புக்கு எவ்வளவு?’ என்று கேட்டால் கோட்டைக்கு ஒரு விலை சொல்லி, வெள்ளவத்தைக்கு வந்ததும் மிச்சம் கேட்க இடமுண்டு. ‘வெள்ளவத்தையில் வீட்டு வாசல் வரை, அதிவேக வீதிக் கட்டணமும் சேர்த்து, வானுக்கு எவ்வளவு?’ என்று கேட்டு, அந்தத் தொகையைப் பற்றுச்சீட்டில் எழுதுவிக்க வேண்டும். முதல் கருமபீடத்தின் விலையோடு நின்றுவிடாமல் அடுத்ததிலும் விசாரியுங்கள்.

இருந்தும், முன்கூட்டியே திகதி தெரிந்த, பொதி நிறைந்த குடும்பப் பயணத்துக்குத் தெரிந்தவரின் வானே பொருத்தம் என்பது என் கருத்து. அவர் வெறுமையாகப் போய் ஆட்களோடு திரும்புவதால் இரு வழி ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார், அது நியாயமே. பேசித் தீர்க்க வேண்டியது காத்திருப்பு. விமானம் தரையிறங்கிய பின் குடிவரவு, பொதி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். விமானமே தாமதிக்கவும் கூடும். விமான இலக்கத்தை அவரிடம் கொடுத்து, தரையிறங்கிய நேரத்திலிருந்து எவ்வளவு நேரம் இலவசக் காத்திருப்பு, அதற்குப் பின் மணிக்கு என்ன என்று குறுஞ்செய்தியில் பதிவு செய்துகொள்ளுங்கள். வாகனத்தின் காப்புறுதி வாடகை ஓட்டத்துக்கும் செல்லுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். தெரிந்தவரிடம் இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். ஆனால் விபத்து நடந்த பின் கேட்டுப் பயனில்லை.

கேள்வி: கட்டாரிலிருந்து தனியாக, ஒரு பையுடன் பகலில் வருகிறேன், கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டும். ஓட்டோவில் முழுத் தூரமும் வந்தால் மலிவாகுமா?
வாசகர், டோஹா

பதில்: ஆகாது. முச்சக்கர வண்டிகளுக்கு அதிவேக வீதியில் அனுமதி இல்லை. ஆகையால் சீதுவை, ஜா-எல, கந்தானை, வத்தளை என்று பழைய நீர்கொழும்பு வீதியின் நெரிசல் முழுவதையும் புகையோடு கடக்க வேண்டும். 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமான அதிவேக வீதியில் அரை மணி நேரத்துக்குள் பேலியகொடவை அடையலாம். பழைய வீதியில் காலை, மாலை வேளைகளில் அதைப்போல் மூன்று மடங்கு நேரம் பிடித்தாலும் வியப்பில்லை.

உங்களுக்கு ஏற்றது 187ஆம் இலக்க பஸ். விமான நிலையத்துக்கு அருகிலுள்ள அவேரிவத்தை பஸ் நிலையத்தில் ஏறி, அதிவேக வீதி வழியாகச் செல்லும் பஸ்தானா என்று நடத்துநரிடம் கேட்டுக்கொண்டு புறக்கோட்டையில் இறங்கலாம். பை ஆசனத்தை அடைத்தால் அதற்கும் ஓர் ஆளின் கட்டணம் கேட்பார்கள். கொடுத்தாலும் டாக்ஸிச் செலவின் சிறு பகுதிதான். புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனை கிட்டத்தில் இருப்பதால், அங்கே மீற்றர் போட்ட ஓட்டோவைப் பிடியுங்கள். இதே பஸ்ஸை வெள்ளவத்தைக்குப் போகிறவருக்கு நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்யமாட்டேன். புறக்கோட்டையில் மாறி, 100 அல்லது 101ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதியின் நெரிசலில் பையோடு நிற்பது பெரும் பாடு.

கேள்வி: யாழ்ப்பாணம் போகிறவர்கள் முதலில் கொழும்புக்கு வரத்தான் வேண்டுமா?
வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: கொழும்பில் அலுவல் இல்லையென்றால் வேண்டாம். கட்டுநாயக்க கொழும்புக்கு வடக்கே இருக்கிறது. தெற்கே வந்து மீண்டும் வடக்கே போவது இரட்டைச் செலவு. புத்தளம் வழியாகச் செல்லும் இரவு பஸ்கள் நீர்கொழும்பு வீதியாலேயே போகின்றன. ஆசனம் பதியும்போதே கட்டுநாயக்கவில் ஏறுவதாகச் சொல்லி, எந்தச் சந்தியில் நிற்க வேண்டும் என்பதையும் சாரதியின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். நான்கைந்து பேர் என்றால், யாழ்ப்பாணத்துக்கு வெறுமையாகத் திரும்ப இருக்கும் வான் ஒன்றை விசாரிப்பது நல்லது. அந்தச் சாரதிக்கு எந்த வாடகையும் இலாபமே என்பதால் விலை இறங்கிவரும்.

கேள்வி: செயலியில் பதிந்த பிறகு சாரதி அழைத்து, ‘பதிவை இரத்துச் செய்யுங்கள், நேரடியாகக் காசுக்கு ஏற்றிச் செல்கிறேன்’ என்கிறார். சம்மதிக்கலாமா?
வாசகி, தெஹிவளை

பதில்: கூடாது. இரத்துச் செய்த கணமே அந்தப் பயணத்துக்குப் பதிவு இல்லை. விலைத் தகராறு வந்தாலும் காரில் பை மறந்துபோனாலும் நிறுவனம் உங்களுக்குப் பொறுப்புச் சொல்லாது. சாரதியே இரத்துச் செய்யட்டும். நீங்கள் வேறு வாகனம் பிடியுங்கள். கூடுதலாகப் பணம் வாங்கப்பட்டிருந்தால், கட்டணம் தெரியும் திரையைப் படம் பிடித்து, வாகன இலக்கத்துடன் முதலில் செயலியின் முறைப்பாட்டுப் பகுதியில் பதியுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பஸ் கட்டணம் பற்றிய முறைப்பாடு என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955. அதற்குப் பயணச்சீட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.