முட்டை வெந்த அறையில் மனிதர் ஏன் வேகவில்லை?

வெப்பத்தையும் சமையலையும் வைத்து நடந்த விசித்திரமான அறிவியல் சோதனை எது என்று கேட்டிருக்கிறீர்கள். என் தேர்வு 1774-இல் லண்டனில் நடந்தது.

ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற மருத்துவர் ஏற்பாடு செய்த சூடான அறைக்குள் மருத்துவர் சார்லஸ் பிளாக்டென், தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் முதலியோர் நுழைந்தார்கள். சூடு 260 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போனது, அதாவது சுமார் 127 செல்சியஸ். அதில் பிளாக்டென் 8 நிமிடம் தாக்குப்பிடித்தார். கடிகாரச் சங்கிலியைத் தொட முடியாத அளவுக்குச் சூடு. ஆனால் விரலில் வாயால் ஊதினால் ஜில்லென்று இருந்ததாம்!

அங்கேயே ஒரு தகரச் சட்டத்தில் முட்டைகளையும் மாட்டிறைச்சியையும் வைத்தார்கள். 20 நிமிடத்தில் முட்டை கெட்டியாக வெந்துவிட்டது. இறைச்சி 47 நிமிடத்தில் வறண்டே போனது. பிறகு சூடு இன்னும் ஏறியபோது, வேறொரு இறைச்சித் துண்டின்மேல் துருத்தியால் காற்று அடித்தார்கள். 13 நிமிடத்திலேயே பெரும்பகுதி வெந்துவிட்டது. இன்று சிங்கப்பூரில் நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறைகளில் ஏர்ஃபிரையர் செய்வதும் இதைத்தான்: சூடான காற்றை வேகமாகச் சுழற்றிவிடுவது.

சரி, முட்டை வெந்த இடத்தில் மனிதர் ஏன் வேகவில்லை? நின்ற நேரம் குறைவு என்பது உண்மைதான், ஆனால் முக்கியக் காரணம் வியர்வை: அது ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துப்போகிறது. அதற்கும் அவர்களே ஒரு சோதனை வைத்தார்கள். இரண்டு பாத்திரத்தில் தண்ணீர். ஒன்றில் மட்டும் மெழுகு; அது உருகி மேலே படலமாயிற்று. வெறும் தண்ணீர் கொதிநிலைக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. பிறகு எண்ணெய் விட்டதும் இரண்டு பாத்திரத்திலும் தண்ணீர் கொதித்தது! ஆவியாக வழியில்லாததால் சூடு வெளியேற முடியவில்லை. எண்ணெய் மிதக்கும் மீன்தலைக் கறி ரசத்தைவிட நெடுநேரம் நாக்கைச் சுடுவதற்கும் இது ஒரு காரணம்.

இந்தச் சோதனை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் சிங்கப்பூர்தான். இங்கே பிற்பகலில் 32 டிகிரிதான் இருக்கும், ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழிகிறதே தவிரக் காய்வதில்லை. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் கைப்பேசியில் தெரியும் டிகிரியை மட்டும் பார்த்து வெயிலில் வேலை செய்யாதீர்கள். வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துச் சொல்லும் டபிள்யூபிஜிடி அளவைப் பாருங்கள். அது 32-ஐத் தொட்டால், வெளியில் கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும், 33 என்றால் 15 நிமிடம். 2023-இல் மனிதவள அமைச்சு கொண்டுவந்த விதி இது. கட்டுமானத் தளங்களில் வேலை பார்க்கும் நம் ஊர்த் தம்பிமார் யாராவது இதைப் படித்தால், அந்த ஓய்வைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.