96 மார்க் எடுத்த பிள்ளைக்கு இலைக் கணக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. அரையாண்டில் கணக்கில் 96, அறிவியலில் 94. எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. "நூறு கிலோ இலை போட்டால் பாக்டரியில் எவ்வளவு தூள் வரும்? சதவீதக் கணக்குதானே, போட்டுச் சொல்லு" என்று அவள் அப்பா கேட்டார். "இது எங்க புக்குல இல்லைப்பா" என்று சொல்லிவிட்டாள். புரிந்து படிக்கிறாளா, மனப்பாடம் செய்கிறாளா? நான் ஏழாவது வரைதான் படித்தேன். வீட்டிலேயே இதை எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த 96-ஐச் சந்தேகப்பட வேண்டாம். கேட்ட கேள்விக்குச் சரியாக எழுதித்தான் வாங்கியிருக்கிறாள். எந்த மாதிரிக் கேள்விக்கு வாங்கினாள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பள்ளித் தேர்வில் பெரும்பாலும் பாடத்தின் கடைசியில் உள்ள கேள்விகளே வரும். இல்லையென்றால் எடுத்துக்காட்டுக் கணக்கையே எண் மாற்றிக் கேட்பார்கள். 'சதவீதம்' என்ற தலைப்பின் கீழ் இருப்பதெல்லாம் சதவீதக் கணக்கு என்பதால், எந்த வழியில் போவது என்று பிள்ளை யோசிக்க வேண்டியதே இல்லை. அப்பா கேட்ட கேள்வியில் அந்த யோசனைதான் முதல் வேலை. போதாததற்கு, கணக்குப் போட வேண்டிய எண்களையே அவர் தரவில்லை. அவள் திணறியதை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள்.

அதே கேள்வியை இன்னொரு முறை, எண்ணோடு கேளுங்கள். பறித்த இலையில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர். 77 என்று வைத்துக்கொள்வோம். காய்ந்து வரும் தூளில் ஈரம் சுமார் 3 சதவீதம். நார், கழிவு எதையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். நூறு கிலோ இலைக்குத் தூள் எத்தனை கிலோ?

அவள் 26 என்று சொல்ல நிறைய வாய்ப்பிருக்கிறது. 77-இல் 3 போனால் 74. நூறில் 74 போனால் 26. கழித்தலில் பிழையே இல்லை. ஆனால் 77 சதவீதம் என்பது இலையின் எடையில், 3 சதவீதம் என்பது தூளின் எடையில். எதில் எத்தனை பங்கு என்று பார்க்காமல் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிட்டாள். இங்கே "தப்பு" என்று சொல்லிவிட்டால் அவள் வேறொரு விடையை ஊகிக்கத் தொடங்குவாள். அதற்குப் பதில், "சரி, அந்த 26 கிலோ தூளில் தண்ணீர் எத்தனை கிலோ?" என்று கேளுங்கள். இலையில் தண்ணீர் போக மிஞ்சியது 23 கிலோ. அது எங்கும் ஆவியாகிப் போகவில்லை. அப்படியானால் தூளில் தண்ணீர் 3 கிலோ. 26-இல் 3 என்றால் 11 சதவீதத்துக்கும் மேல். 3 சதவீதம்தானே என்று அவளே நிறுத்திவிடுவாள். அந்த இடத்தில் பேசாமல் காத்திருங்கள். ஐந்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை.

23 என்று சொன்னால் பாதிக்கு மேல் புரிந்திருக்கிறது. தூளில் தங்கும் ஈரத்தை மட்டும் மறந்திருக்கிறாள். சரியான வழி, தூளில் ஈரம் 3 போக, அந்த 23 கிலோதான் தூளில் நூற்றுக்கு 97 பங்கு என்று பிடிப்பது. 23-ஐ 0.97-ஆல் வகுத்தால் 23.7 கிலோ. அதாவது ஒரு கிலோ தூளுக்குச் சுமார் 4.2 கிலோ இலை. இந்தக் கடைசி எண்ணை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். நடைமுறையில் நாலு, நாலரை கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்பதால், கணக்கு நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்று சொல்ல அவரைவிடத் தகுந்த ஆள் இல்லை. விடையை வைத்துக்கொண்டு நிஜத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் புரிதலில் பெரிய பங்கு. எந்தக் கேள்வித்தாளும் அதற்கு மார்க் தருவதில்லை.

மார்க் எவ்வளவு தூரம் மறைக்கும் என்பதற்குக் கல்வி ஆய்வில் அறியப்பட்ட ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் 1973-இல், பென்னி என்று பெயரிட்டு ஒரு 12 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு பகுதியிலும் 80 சதவீதம் எடுத்தால்தான் அடுத்த பகுதிக்குப் போகலாம் என்ற முறையில் படித்தவன். நன்றாகப் படிக்கும் பிள்ளை என்று பெயர் வாங்கியவன். பத்தில் இரண்டைத் தசமத்தில் எழுதச் சொன்னால் 1.2 என்றான். மேலும் கீழும் கூட்டினால் 12, நடுவில் ஒரு புள்ளி. பத்தில் ஐந்து 1.5. பாதி எப்படி ஒன்றைவிடப் பெரிதாகும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எதிரில் உட்கார்ந்து "எப்படிப் போட்டாய்?" என்று ஒருவர் கேட்ட பிறகுதான் அது வெளியே வந்தது. நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே. சரியான விடைக்கும் கேளுங்கள். தப்பானதற்கு மட்டும் கேட்டால், நீங்கள் கேட்டாலே விடை தப்பு என்று பிள்ளை புரிந்துகொள்ளும்.

அறிவியலுக்கு அடுப்படி போதும். "தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?" 100 என்பாள்; தேர்வில் அதற்கு முழு மார்க். "நம் வீட்டில்?" என்று கேளுங்கள். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் 94 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 92, 93. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்று சொன்னாலும் அதோடு விட வேண்டாம், அந்த வாக்கியத்தையும் மனப்பாடம் செய்யலாம். "உருளைக்கிழங்கு திறந்த சட்டியில் கொதிக்கிறது, தீயைக் கூட்டினால் சீக்கிரம் வேகுமா?" "அதே கிழங்கு மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தில் முன்னால் வேகுமா, பின்னால் வேகுமா?" "குக்கரில் வெயிட் போட்டால் என்ன மாறுகிறது?" புரிந்த பிள்ளை, தீயைக் கூட்டினால் ஆவிதான் கூடும், சூடு 94-ஐத் தாண்டாது என்று தட்டுத்தடுமாறியாவது வந்துசேரும். மேட்டுப்பாளையத்தில் கொதிநிலை 99 பக்கம் என்பதால் அங்கே முன்னால் வேகும். குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் நம் மலையிலும் 117 டிகிரி வரை போகும்.

அளந்து பார்க்க ஆசைப்பட்டால் 110 டிகிரி வரை உள்ள ஆய்வக வெப்பமானி வேண்டும். முனை பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொதிநீரில் விட்டால் உடைந்துவிடும். அளக்கும் முன்பு அவள் நினைக்கும் எண்ணைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதவில்லை என்றால், பார்த்த பிறகு "எனக்கு முன்னாடியே தெரியும்" என்று அவளே நம்பிவிடுவாள்.

வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் இதுவும் ஒரு டியூஷன் ஆகிவிடும். பதிலை அவள் உங்கள் முகத்தில் தேடுவாள், எல்லாப் பிள்ளைகளும் தேடும்; நீங்கள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பது நல்லது. உங்களுக்கே விடை தெரியாத கேள்வி இன்னும் நல்லது. ஏழாவது வரை படித்தது இங்கே குறையே இல்லை.

படிக்கும் முறையில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். பாடத்தை ஒருமுறை வாசித்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் உள்ளதை எழுதட்டும். பிறகு திறந்து, விட்டதை வேறு மையில் சேர்க்கட்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்ப வாசித்த மாணவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவில் இருந்தது. மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து, வாசித்தவர்களுக்கு 42, எழுதியவர்களுக்கு 56. முதல் நாள் திரும்ப வாசிப்பதே மேல் என்று தோன்றுவதால்தான் பிள்ளைகள் அதை விடுவதில்லை. கணக்கில், ஒரே பயிற்சியில் பத்துப் போடுவதற்குப் பதில் மூன்று பாடங்களிலிருந்து கலந்து எடுத்து, தலைப்பை மறைத்துப் போடட்டும்.

தேர்வுக்குப் படிப்பதை நிறுத்த வேண்டாம். விடைத்தாளில் முக்கியச் சொல் விட்டால் மார்க் போகும். புரிந்த பிள்ளைக்கும் போகும். தேர்வுக்கு முந்திய நான்கு வாரம் பழைய கேள்வித்தாள், நேரம் வைத்து எழுதுவது என்று போகட்டும். ஆசிரியரைப் பார்க்கும்போது "இன்னும் எத்தனை மார்க் வரும்?" என்று கேட்காமல், அவள் 26 என்று போட்ட தாளை எடுத்துப் போய், "இந்த இடத்தில் தடுமாறுகிறாள், இதேபோல் வேறு எங்கே தடுமாறுகிறாள்?" என்று கேளுங்கள். தாளைப் பார்த்தால் அவர்களுக்கும் எந்தப் பாடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது ஆறாம், ஏழாம் வகுப்புப் பின்னமும் விகிதமுமாக இருக்கும்.