நெதர்லாந்தில் பிள்ளைகளிடம் பாலியல் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார்களே, கொங்குப் பக்கம் ஏன் முடிவதில்லை?

அவர்களும் எப்போதும் இப்படி இருந்தவர்கள் இல்லை. 1911இல் அங்கே போட்ட சட்டத்தில் ஒரே பாலின உறவுக்குச் சம்மத வயது 21, மற்றவர்களுக்கு 16. அதை 1971இல்தான் நீக்கினார்கள், அப்புறம் தேவாலயத்தின் பிடி தளரத் தளர 2001இல் ஒரே பாலினத் திருமணமே சட்டமானது.

நம் ஈரோடு, கோபி பக்கம் பெண் பெரியவளானால் மண்டபம் பிடித்து, ஃபிளெக்ஸ் வைத்து, தாய்மாமன் சீர் கொண்டுவர ஊரையே கூப்பிடுகிறோம், ஆனால் உடம்பில் என்ன நடக்கிறது என்று அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து சொல்ல வீட்டில் பெரும்பாலும் ஆள் இல்லை. பையன்களுக்கு அதுவும் கிடையாது, செல்போன்தான் வாத்தியார். இதை வெறும் கூச்சம் என்று நான் நினைக்கவில்லை. பேசினால் கேள்வி வரும், கேள்வி வந்தால் பெண் சாதிக்கு வெளியே துணை தேடிக்கொள்வாள் என்கிற பயம்தான் பெரியவர்கள் வாயைக் கட்டிப்போடுகிறது. சீருக்கு முந்தின நாளாவது அம்மாவோ அத்தையோ அந்தப் பிள்ளையிடம் பேசுங்கள்.