குளியலறையில் அமைத்த இருட்டறை: நீர் நிறைந்த தொட்டிகளை எதன் மேல் வைப்பது?

கேட்டிருப்பவர் வாடகைக் குடியிருப்பின் குளியலறையை வார இறுதிகளில் புகைப்படம் அச்சிடும் இருட்டறையாக்கிக் கொள்கிறார். 16×20 அங்குல அச்சுகளைக் கழுவும் செங்குத்துத் தொட்டியையும், டெவலப்பரைக் (தாளில் படத்தைத் தோன்றச் செய்யும் ரசாயனக் கரைசல்) குளிர்விக்கும் பனிக்கட்டி நீர்த் தொட்டியையும் ஒரு மடக்கு மேசையின் மேல் வைக்கலாமா, தரை அந்த எடையைத் தாங்குமா என்பது அவருடைய கேள்வி. தரை பெரும்பாலும் தாங்கும். மடக்கு மேசையை நம்ப வேண்டாம்.

முதலில் எடையைக் கணக்கிட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் அளவுநாடா ஒன்றே போதும். உட்புறம் 55 செ.மீ. நீளம், 45 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம் உள்ள கழுவுதொட்டியில் ஏறத்தாழ 62 லிட்டர் பிடிக்கும். அக்ரிலிக் சுவர்களையும் தடுப்புகளையும் சேர்த்தால் மொத்த எடை 70 கிலோவைத் தாண்டிவிடும். குளிர்விக்கும் தொட்டியும் நம் ஊரில் சிறியதாக இருக்க முடியாது. டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். சென்னையில் கோடைக்காலத்தில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் இருக்கும். அந்த வேறுபாட்டைச் சில மணி நேரம் தாக்குப்பிடிக்க 25, 30 லிட்டர் பனிக்கட்டி நீராவது தேவைப்படும். ஆகவே ஏறக்குறைய 100 கிலோவுக்கு நீங்கள் இடம் தேடுகிறீர்கள்.

தரையைப் பொறுத்தவரை, குடியிருப்பு அறைகளுக்கும் குளியலறைகளுக்கும் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ, சுமையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 இரண்டாம் பகுதி சொல்லும் கணக்கு. நான்கடிக்கு ஏழடி குளியலறை என்றால் பரப்பு 2.6 சதுர மீட்டர். தொட்டிகள், தாங்கி, நீங்கள் எல்லாம் சேர்ந்தாலும் அந்தப் பரப்புக்கான சுமார் 520 கிலோவில் பாதியைக்கூட எட்டுவது அரிது. கான்கிரீட் தளமுள்ள நல்ல கட்டடத்தில் இது கவலைப்பட வேண்டிய விஷயமன்று. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் பாவிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டின் மாடியில் குடியிருந்தால் மட்டும், ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து உத்தரங்களைப் பார்க்கச் சொல்லாமல் தண்ணீர் நிரப்பாதீர்கள்.

உண்மையான ஆபத்து தாங்கியில்தான் இருக்கிறது, அதுவும் பலரும் நினைக்கும் இடத்தில் இல்லை. மேசைக்கால்கள் நேர்கீழாக நசுங்குவது மிக அரிது. அவை பக்கவாட்டில் சாய்ந்துதான் விழுகின்றன. நிரம்பிய தொட்டியில் மேற்பரப்பு நீர் சும்மா நிற்பதில்லை: மேசை சிறிது சாய்ந்தாலும் நீர் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடி, அந்தப் பக்கத்து எடையைக் கூட்டி, சாய்வை இன்னும் அதிகமாக்குகிறது. இருட்டில் உங்கள் இடுப்பு இடித்தால் போதும், மடக்கு மேசையின் கீல் மடங்கத் தொடங்கிவிடும். எனவே எந்தத் தாங்கியானாலும் பின்பக்கத்திலும் இரு பக்கங்களிலும் மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதைவிட, தொட்டியில் கால்வாசி நீர் ஊற்றிவிட்டு, மேல்விளிம்பை ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நீர் மட்டும் இரண்டு மூன்று முறை அலைந்து அடங்கினால் சரி. நீரோடு சட்டமும் சேர்ந்து ஆடினால் அந்தத் தாங்கியில் அதற்கு மேல் ஒரு குவளைகூட ஊற்ற வேண்டாம்.

கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றுவதைவிட, இந்த எடைக்கென்றே செய்யப்படும் ஒன்றை வாங்குவது எளிது: மீன்தொட்டி ஸ்டாண்டு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள மீன்தொட்டியில் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். உங்கள் கழுவுதொட்டியின் எடையும் ஏறக்குறைய அதுவே. சென்னையில் வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூரில் ஆங்கிள் இரும்பில் வெல்டிங் செய்த ஸ்டாண்டுகள் கிடைக்கும். உங்கள் தொட்டிக்கு ஒரு படி பெரிய அளவாகப் பார்த்து, உயரம் குறைந்ததாகவே வாங்குங்கள். ரசாயன ட்ரேக்கள் இடுப்பு உயரத்தில் இருந்தால்தான் வேலை செய்ய முடியும், ஆனால் கழுவுதொட்டி முழங்கால் உயரத்தில் இருந்தாலே போதும். தரையிலேயே வைக்க இடமிருந்தால் அதைவிடச் சிறந்த தீர்வு இல்லை. துளைகளுள்ள இரும்புச் சட்டங்களைப் போல்ட்டால் பூட்டிய ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்கும் பயன்படும், மூலைத் தகடுகளை எல்லா இடங்களிலும் பொருத்தி, போல்ட்டுகளை ஸ்பேனரால் இறுக்கியிருந்தால்.

மேல்பலகை பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு அறவே கூடாது. விளிம்பில் ஒட்டிய பட்டை ஓரிடத்தில் பிரிந்தாலும் அதன் வழியே நீர் உள்ளே போய், பலகை ரொட்டிபோல் உப்பி, திருகுகள் பிடிமானம் இழந்துவிடும். ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் 18 மி.மீ. தடிமனில் வாங்கி, வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்துவிடுங்கள். பலகையின் தடிமனைவிட, அதன் அடியில் தாங்கும் சட்டங்களுக்கு இடையிலுள்ள தூரம் முக்கியம். நடுவில் எடை நிற்கும்போது, தாங்கும் தூரத்தைப் பாதியாக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆகையால் இன்னொரு பலகையை மேலே அடுக்குவதற்குப் பதில் நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் வைப்பதே நல்லது. நம் வீடுகளில் எளிதாகக் கிடைக்கும் கடப்பா கல்லைப் பலரும் முதலில் நினைப்பார்கள். ஐந்தடிக்கு இரண்டடி, 20 மி.மீ. கல் தானே 50 கிலோ எடையுள்ளது. மேலும் கல் மரத்தைப்போல் வளைந்து எச்சரிக்காது, ஒடியும்போது ஒரேயடியாக ஒடியும். முழு நீளத்துக்கும் அடியில் இரும்புச் சட்டம் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அதுவும் சுண்ணாம்புக்கல் வகை என்பதால், டெவலப்பரின் வேலையை நிறுத்தும், அசெட்டிக் அமிலமுள்ள ஸ்டாப் பாத் கரைசல் சிந்திய இடம் நுரைத்து, பளபளப்பு போய் வெளுத்துவிடும். அமில ட்ரேக்களுக்கு அடியில் வைப்பதானால் கிரானைட் ஏற்றது.

பலகைக்கும் அடிப்பாகம் தட்டையான தொட்டிக்கும் நடுவில், மீன்தொட்டிக்காரர்கள் செய்வதுபோல், ஒரு தெர்மோகோல் தகடு போடுங்கள். சிறு மணல்துகளோ திருகின் தலையோ அடியில் அகப்பட்டால், முழு எடையும் அந்தப் புள்ளியில் இறங்கி அக்ரிலிக் ஒட்டுகளை விரியச் செய்யும்.

குளியலறைத் தரை ஜாலியை நோக்கி வாட்டமாக இருக்கும் என்பதால் நான்கு கால்களும் ஒருசேரப் படியாது. அட்டை, மரத்துண்டு, ஓடு என்று முட்டுக் கொடுப்பது ஈரத்தில் நழுவும். திருகி உயர்த்தக்கூடிய கால்களை வெல்டிங் பட்டறையில் பொருத்தச் சொல்லி, ரசமட்டம் வைத்து நேராக்குங்கள். ஈரத்தரையில் நிற்கும் இரும்புக்கால் அடியிலிருந்துதான் துருப்பிடிக்கும். படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்சர் கரைசல் சிந்தினால் இன்னும் விரைவாக அரிக்கும். வேலை முடிந்ததும் கால்களை நல்ல தண்ணீரால் கழுவித் துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கமோடின் மேல், ஃபிளஷ் தொட்டியின் மேல், சுவரில் மாட்டிய வாஷ்பேசினின் மேல் பலகை போட்டு நீர்த்தொட்டி வைக்க வேண்டாம். பீங்கான் உடைந்தால் விளிம்புகள் கத்தியாக இருக்கும். சுவர் பிராக்கெட்டும் இந்த எடைக்கு உதவாது: சுவரிலிருந்து 25 செ.மீ. தள்ளி 40 கிலோ நின்றால், 20 செ.மீ. உயரமுள்ள பிராக்கெட்டுகளின் மேல்திருகுகளை மொத்தம் 50 கிலோ விசை வெளியே இழுக்கும். காற்றுக் குமிழிகள் நிறைந்த இலகு கான்கிரீட்டான ஏஏசி பிளாக் சுவரில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் அதை நெடுநாள் தாங்காது.

நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் ஒளியூட்டும் என்லார்ஜருக்குத் தனி மேசை வேண்டும். நீர் அலையும் அதிர்வு இருபது வினாடி ஒளியூட்டலில் படத்தை மங்கச் செய்யும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மின்சாரம். பிளக்குகள் எல்லாம் நீர்மட்டத்துக்கு மேலே, எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த இணைப்புக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

எல்லாம் தயாரானதும் வெறும் தண்ணீரை நிரப்பி ஓர் இரவு விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் அச்சுத் தாளை ஓடும் நீரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழுவும்போது நீங்கள் பெரும்பாலும் அந்த அறையில் இருக்க மாட்டீர்கள் என்பதால், ஆளில்லாமலும் அது நிற்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். பலகையின் இரு முனைகளுக்கும் இடையே அடியில் ஒரு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் பலகை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை மாலையில் அளந்து எழுதி வையுங்கள்; காலையில் மறுபடியும் அளந்து பாருங்கள். 90 செ.மீ. நீளத்தில் 3 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தாலோ, மாலையைவிடக் காலையில் தொய்வு கூடியிருந்தாலோ, குழாயால் உறிஞ்சித் தண்ணீரை முழுவதும் வெளியேற்றிவிட்டு நடுவில் ஒரு கால் கொடுங்கள். நீர் நிறைந்த தொட்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்த முயல வேண்டாம். பிறகு மீண்டும் நிரப்பி, அதே நூலைக் கட்டி இன்னோர் இரவு பாருங்கள்.